ஜி.டி.எஸ். ஊழியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘போஸ்ட் ஆபீஸ் வேலை, சென்ட்ரல் கவர்மென்ட்டு’ என்று ஊரே சொல்லும். கிளை அஞ்சலகத்தில் ஆர்.டி. பணம் வாங்கி, முத்திரை குத்தி, வெயிலில் தபால் பட்டுவாடாவுக்குக் கிளம்பும் ஜி.டி.எஸ். (கிராமின் டாக் சேவக், அதாவது கிராம அஞ்சல் பணியாளர்) ஊழியரும் அப்படியேதான் நம்புகிறார். அஞ்சல் துறையில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் இந்தப் பிரிவில் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு விதிகள் தனி. சம்பளம் என்ற பெயர்கூடக் கிடையாது, வேலை நேரத்தை வைத்துக் கணக்கிடும் டி.ஆர்.சி.ஏ. என்ற படிதான். 2018 ஜூலை முதல் நாலு மணி நேரம் வேலை பார்க்கும் பி.பி.எம்.முக்கு (கிளை அஞ்சலகத் தலைவர்) அடிப்படை 12,000 ரூபாய், ஐந்து மணி நேரத்துக்கு 14,500. மத்திய அரசு ஊழியருக்குரிய அகவிலைப்படி விகிதம் இவர்களுக்கும் உண்டு. ஓய்வு வயது 65.

இதில் எதைத் தவறாகப் புரிந்துகொண்டாலும் சமாளித்துவிடலாம். ஓய்வூதியக் கணக்கைத் தவறாகப் போட்டால் மட்டும் கடைசிக் காலம் ஆட்டம் கண்டுவிடும். ‘இருபது வருஷம் ஜி.டி.எஸ்., அப்புறம் எட்டு வருஷம் போஸ்ட்மேன், ஆக இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்’ என்று கூட்டிப் பார்ப்பவர்கள் ஏராளம். அந்த இருபது வருஷம் ஓய்வூதியத்துக்குச் சேராது. 2019 நவம்பரில் காண்டிபா பெஹெரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. கீழ் மட்டத்தில் ஊழியர்களுக்குச் சாதகமாக வந்திருந்த தீர்ப்புகளும் அத்தோடு போயின. கொஞ்ச வருஷம் குறைந்து ஓய்வூதியத்தை இழந்தவர்களுக்கு விதியைத் தளர்த்துவதைப் பரிசீலிக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் அது உரிமை ஆகாது. வெயிலிலும் மழையிலும் சைக்கிள் மிதித்த வருஷங்கள் கணக்கில் வராமல் போவது எனக்கு இன்றும் மனசு ஆறாத விஷயம். ஆனாலும் சட்டம் இப்போது இப்படித்தான் நிற்கிறது. ஆகவே எம்.டி.எஸ். (பல்பணி ஊழியர்), போஸ்ட்மேன் போன்ற வழக்கமான பணிக்கான தேர்வுகளை ‘அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப் போடாதீர்கள். 2025 ஏப்ரலில் வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் மாதம் 10,000 ரூபாய் உத்தரவாதத்துக்குக் குறைந்தது பத்து வருஷம் வேண்டும். அந்தப் பத்தும் துறையின் வழக்கமான பணியில் சேர்ந்த நாளிலிருந்துதான்.

அடுத்தது லீவு. அவசரத்துக்குத் தம்பியையோ மனைவியையோ ஆபீசில் உட்கார வைத்துவிட்டு, எழுத்தில் ஒன்றும் கொடுக்காமல் கிளம்பிவிடுகிறார்கள். மாற்று ஆளுக்கு முறையான ஒப்புதல் வேண்டும். ஒப்புதலோடு வைத்தாலும் அவர் கையில் பணம் குறைந்தால் பொறுப்பு உங்களுடையதே. வருஷத்துக்கு ஐந்து நாள் அவசர விடுப்பு இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். பெண் ஊழியர்களுக்கு 180 நாள் மகப்பேறு விடுப்பும் உண்டு. ‘நமக்கெல்லாம் எங்கே’ என்று கேட்காமலே விட்டவர்கள் இருக்கிறார்கள்.

கணக்கில் சிக்கல் என்று ‘புட் ஆஃப் டியூட்டி’யில், அதாவது விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து விலக்கி, வைத்தால் பயந்துபோய் ராஜினாமா எழுதிக் கொடுப்பது இன்னொரு பெருந்தவறு. அந்தக் காலத்திலும் அடிப்படைப் படியில் ஒரு பகுதியும் அதற்கான அகவிலைப்படியும் வர வேண்டும். ‘நீ தற்காலிகம்தானே’ என்று யாராவது மிரட்டினால் 1977-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அப்போது இவர்களுக்கு ‘இ.டி.’ (எக்ஸ்ட்ரா டிபார்ட்மென்டல், அதாவது துறைக்குப் புறம்பான) ஊழியர் என்று பெயர். ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பணியும் அரசுப் பதவிதான் என்று சொல்லி, அரசியலமைப்பின் 311-வது பிரிவின் பாதுகாப்பைக் கொடுத்தது. விசாரணை நடத்தாமல், பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் வேலையை விட்டு எடுக்க முடியாது. ஓய்வூதியத்துக்குச் சேராத அதே பணிதான், ஆனாலும் இந்தக் காப்பு இருக்கிறது. எனவே குற்றச்சாட்டை எழுத்தில் வாங்குங்கள், பதிலையும் எழுத்தில் கொடுங்கள், இரண்டுக்கும் நகல் வையுங்கள்.

நாமினேஷன் பற்றியும் ஒரு வார்த்தை. வேலையில் சேரும்போது அம்மா பெயரைப் போட்டிருப்பார்கள். கல்யாணம் ஆகிப் பிள்ளைகள் வளர்ந்த பிறகும் அதே பெயர் கிடக்கும். பணிக்கொடை, குழுக் காப்பீடு என்று ஒவ்வொன்றுக்கும் படிவம் தனித்தனி. அடுத்த முறை இன்ஸ்பெக்டர் ஆய்வுக்கு வரும்போது அவற்றில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்துவிடுங்கள்.