வடசென்னையில் இதயத்தையும் நுரையீரலையும் பேணுவது எப்படி?

விடியுமுன் எழுந்து நடக்க வேண்டும் என்பது எல்லா ஊருக்கும் பொதுவாகச் சொல்லப்படும் யோசனை. அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களும், மணலி ஆலைகளும், கொடுங்கையூர்க் குப்பைமேடும், துறைமுகத்துக்கு வரிசைகட்டும் கண்டெய்னர் லாரிகளும் சூழ்ந்த நம் பகுதியில் நேரமும் தெருவும் பார்த்துத்தான் அதைப் பின்பற்ற வேண்டும். 2.5 மைக்ரானுக்கும் குறைந்த நுண்துகள்கள் நுரையீரலோடு நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்து நாளங்களில் அழற்சியை உண்டாக்குவதால் மாரடைப்பு அபாயமும் கூடுகிறது.

மார்கழி, தை மாதங்களில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கிடப்பதால், இரவெல்லாம் சேர்ந்த புகை மேலே எழ வழியின்றித் தெருவிலேயே தங்குகிறது. அந்நாட்களில் வெயில் நன்கு ஏறிய பிறகோ, கடற்காற்று வீசும் மாலையிலோ நடப்பதே நல்லது. கோடையில் அதிகாலையே ஏற்றது. கிளம்புமுன் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் மணலி, கொடுங்கையூர், இராயபுரம் காற்றுக் கண்காணிப்பு நிலையங்களில் அருகிலுள்ளதன் காற்றுத் தரக் குறியீட்டைப் பாருங்கள். அது 200ஐத் தாண்டினாலோ, போகிப் புகை சூழ்ந்தாலோ, நடையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். லாரிகள் ஓடும் எண்ணூர் நெடுஞ்சாலையின் ஓரத்தைத் தவிர்த்து, உள்தெருக்களையோ இராபின்சன் பூங்கா போன்ற இடங்களையோ தேர்ந்தெடுங்கள். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் வாரத்துக்கு 150 நிமிடங்கள் நடந்தால் போதும்.

மூச்சுப்பயிற்சி நுரையீரலில் படிந்த மாசைக் கழுவிவிடும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். ஆனால் வயிறு எழும்ப மூக்கால் மெதுவாக இழுத்து, அதைவிடச் சற்று நிதானமாக வெளிவிட்டு, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில் பத்து நிமிடம் செய்வது இரத்த அழுத்தத்தைத் தணிக்க உதவும்.

வெளிக்காற்றை நாம் தனியாக மாற்ற முடியாது. வீட்டுக் காற்றை இன்றே மாற்றலாம். ஒரு கொசுவத்தி எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு இணையான நுண்துகள்களை வெளியிடுவதாக ஆய்வு காட்டியிருக்கிறது. குழந்தைகள் படுக்கும் அறையில் கொசுவத்தியை நிறுத்திக் கொசுவலை கட்டுங்கள். தாளிக்கும்போதும் பொரிக்கும்போதும் ஜன்னலைத் திறந்துவையுங்கள். வறண்ட துடைப்பத்தால் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள். வீட்டில் ஒருவர் பீடி, சிகரெட் பிடித்தால் மற்ற முயற்சிகள் பெரும்பாலும் வீணாகிவிடும். விட்டவருக்கு ஓராண்டிலேயே இதய நோய் அபாயம் புகைப்பவரை ஒப்பிடப் பாதியளவுக்குக் குறைகிறது.

காசிமேட்டை அருகில் வைத்திருப்பது நம் பேறு. மத்தி, கானாங்கெளுத்தி ஆகிய விலை குறைந்த மீன்களில் இதயத்துக்கு உகந்த ஒமேகா-3 கொழுப்பு நிறைந்திருக்கிறது. வறுக்காமல் குழம்பாக வையுங்கள். கருவாட்டில் உப்பு மிகுதி. சுடுநீரில் ஊறவைத்து அலசினாலும் எப்போதாவது மட்டும் சேருங்கள். அப்பளமும் ஊறுகாயும் சேர்த்து நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்கு மிகாமல் இருக்க வேண்டும்.

தமிழக அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டிலேயே பரிசோதிக்கப்படுகின்றன. முப்பது வயதைக் கடந்தவர்கள் தவறவிடக்கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ, மாடிப்படி ஏறும்போது புதிதாக மூச்சு வாங்கினாலோ மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சை அழுத்தும் வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால், வாயுப்பிடிப்பென்று கஷாயம் போட்டுக் காத்திருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள்.