வின்ச் வாங்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

சேற்றிலோ மணலிலோ புதைந்த வண்டியை, கயிற்றைச் சுற்றி இழுத்து வெளியே எடுக்கும் மோட்டார் கருவிதான் வின்ச். என் வண்டியின் முன்பம்பரில் அது ஏறி இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் அதற்கு முதல் வேலை வந்தது. நான்கு சக்கரங்களும் சேற்றில் பாதி மறைந்திருந்தன. ரிமோட்டைச் செருகிப் பொத்தானை அழுத்தினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். மறுபடி அழுத்தினேன். மறுபடியும் ‘டக்’. அவ்வளவுதான். பிறகு திறந்து பார்த்தபோது கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் நீர் புகுந்து, இணைப்பு முனைகள் எல்லாம் பச்சை பூத்துக் கிடந்தன. அன்று என்னை வெளியே கொண்டுவந்தவை ஒரு மண்வெட்டி, இரண்டு பலகைகள், இரண்டு மணி நேர வியர்வை. நாற்பது கிலோ இரும்பை இரண்டு ஆண்டுகளாகச் சும்மா ஊர்வலம் விட்டிருக்கிறேன்.

வின்சை எப்படிப் பொருத்துவது என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். பொருத்தத்தான் வேண்டுமா என்பதை எப்படி முடிவு செய்வது? அதை மட்டும் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: மாட்டிக்கொண்ட கதைகளை எழுதுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு கட்டங்கள் போடுங்கள். எதில் மாட்டினீர்கள், எப்படி வெளியே வந்தீர்கள், கூட வேறு வண்டி இருந்ததா, முன்னால் மரமோ பெரிய பாறையோ இருந்ததா. நினைவில் இருக்கும் ஒவ்வொரு முறையையும் எழுதுங்கள். கௌரவம் பார்க்க வேண்டாம், யாருக்கும் காட்டப்போவதில்லை.

நான் எழுதியபோது ஏழு வரிகள் தேறின. நான்கு மணலில், நான்கிலும் டயர் காற்றைக் குறைத்ததும் வண்டி எழுந்துவிட்டது. இரண்டு முறை நண்பரின் வண்டி பின்னாலிருந்து இழுத்தது. ஒரே ஒரு வரிதான் உண்மையில் வின்ச் செய்ய வேண்டிய வேலை. அதில்தான் அது ‘டக்’ என்றது.

நண்பரின் வண்டி பின்னாலிருந்து இழுத்த அந்த இரண்டு வரிகளில் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. பெரும்பாலான வின்ச்கள் வண்டியின் முன்புறம் இருப்பவை. அவை முன்னோக்கித்தான் இழுக்கும். ஆனால் சேற்றிலோ ஓடையிலோ சிக்கும்போது நமக்குத் தெரிந்த, நம்பகமான தரை நமக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதன் வழியாகத்தானே வந்தோம்! முன்னோக்கி இழுத்தால் இன்னும் ஆழத்துக்குப் போகவும் கூடும். ஆகவே ஒவ்வொரு வரிக்கும் எதிரே “முன்னால் போயிருக்க வேண்டுமா, பின்னால் வந்திருக்க வேண்டுமா” என்றும் குறித்துவிடுங்கள்.

இதுவரை ஒருமுறைகூட மாட்டவில்லை என்றால், இந்தப் பதிவை மூடிவிட்டு அனுபவசாலி ஒருவருடன் சில மாதங்கள் சுற்றிவிட்டு வாருங்கள். வின்ச் எங்கும் ஓடிவிடாது.

படி 2: காற்று, மண்வெட்டி, பலகை, இழுகயிறு

இந்த நான்கும் கையில் இல்லாதவர் வின்ச் வாங்குவது, செருப்பில்லாதவர் குடைக்குத் தங்கப் பிடி போடுவதைப் போன்றது.

டயர் காற்றைக் குறைத்தால் டயர் தரையைத் தொடும் பரப்பு நீளும், எடை பரவும், வண்டி மணலை வெட்டாமல் மேலே ஏறி ஓடும். சாலையில் 32 பிஎஸ்ஐ வைத்திருக்கும் டயரை மணலில் 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கலாம். 15-க்குக் கீழே போனால் வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும் ஆபத்து கூடுகிறது. காற்று குறைந்த டயரோடு வேகமும் கூடாது, வெடுக்கென்ற திருப்பமும் கூடாது. திரும்பிச் சாலையில் ஏறும் முன் காற்றடிக்க ஒரு சிறிய கம்ப்ரஸர் வேண்டும்.

சக்கரம் சுழன்று வண்டி நகரவில்லை என்றால் அந்த நொடியே காலை எடுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். அடுத்த ஐந்து நொடிகள் ஆக்சிலேட்டரை மிதித்தால், ஐந்து நிமிட வேலை ஒரு மணி நேர வேலையாகிவிடும். இறங்கிக் குனிந்து வயிற்றுப் பகுதியைப் பாருங்கள். சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், தரையில் உட்கார்ந்திருந்தால் முதலில் அங்கிருக்கும் மண்ணை வெளியே எடுக்க வேண்டும். பிறகு போக வேண்டிய திசையில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் எதிரே சிறு சரிவாக வெட்டுங்கள். செங்குத்தான சுவராக விட்டால் சக்கரம் அதில் ஏறாது. அந்தச் சரிவில் பலகையை டயரோடு ஒட்டிச் செருகி, கியரைத் தாழ்வாக வைத்து மெதுவாக நகர்த்துங்கள்.

கூட இன்னொரு வண்டி இருந்தால், நீண்டு சுருங்கும் இழுகயிறு ஒன்றே பல சிக்கல்களைத் தீர்த்துவிடும். ஆனால் அதை வண்டியில் இதற்கென்றே அமைந்த, வலுச் சான்றுள்ள கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டையில் மாட்டவே கூடாது. அது முறிந்தால் பீரங்கிக் குண்டாகப் பறக்கும், உயிர்களைப் பறித்திருக்கிறது.

படி 3: யாரோடு, எங்கே போகிறீர்கள்?

எப்போதும் இரண்டு மூன்று வண்டிகளோடு போகிறவருக்கு வின்ச் ஒரு வசதி. தனியாக, செல்பேசி எட்டாத இடங்களுக்குப் போகிறவருக்கு அது கிட்டத்தட்ட அவசியம். தீர்மானத்தின் நடுப்புள்ளி இதுதான்.

அடுத்து, கயிற்றின் மறுமுனையை எதில் கட்டுவீர்கள்? காட்டுப் பாதை என்றால் மரம் இருக்கும். திறந்த மணல்வெளியில் கட்ட ஒன்றுமே இருக்காது. மாற்றுச் சக்கரத்தை மண்ணில் புதைத்து அதில் கட்டலாம் என்று சொல்வார்கள். வேலை செய்யும் முறைதான். ஒருமுறை செய்து பார்த்தேன். சக்கரத்தைப் புதைக்கத் தோண்டிய மண்ணை வண்டியின் அடியிலிருந்து தோண்டியிருந்தால் வின்சே தேவைப்பட்டிருக்காது.

இடைப்பட்ட வழி ஒன்றும் உண்டு: கையால் நெம்பி இழுக்கும் வின்ச். மெதுவானது, தோள் கழன்றுவிடும். ஆனால் பேட்டரி வேண்டாம், முன்னாலும் மாட்டலாம், பின்னாலும் மாட்டலாம், பயணம் இல்லாத நாளில் வீட்டில் வைத்துவிடலாம். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் தேவைப்படும் என்றால் இது போதும்.

படி 4: எடைக் கணக்கு

இதுவரை வந்தும் “வேண்டும்” என்றே தோன்றினால், வண்டியை எரிபொருள், தண்ணீர், சாமான், ஆட்கள் எல்லாவற்றோடும் எடைமேடையில் நிறுத்துங்கள். விளம்பரத் தாளில் இருக்கும் வெற்று எடை உதவாது. கிடைத்த எண்ணை 1.5-ஆல் பெருக்குங்கள். 2,600 கிலோ என்றால் 3,900 கிலோ, அதாவது சுமார் 8,600 பவுண்டு. அதற்கு மேலே சந்தையில் வழக்கமாகக் கிடைக்கும் அளவு 9,500 பவுண்டு, ஏறத்தாழ 4,300 கிலோ.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அந்த எண்ணுக்குள் ஒரு சூட்சுமம் உண்டு. டிரம்மில், அதாவது கயிறு சுற்றும் உருளையில், கயிறு ஒரே ஒரு அடுக்கு மட்டும் மிஞ்சியிருக்கும்போது கிடைக்கும் இழுவை அது. மேலே அடுக்கு கூடக் கூட உருளையின் விட்டம் பெருகுகிறது. மோட்டாரின் முறுக்குவிசை அப்படியே இருக்கிறது. ஆகவே இழுவை குறைகிறது. ஒவ்வோர் அடுக்குக்கும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். நான்காவது அடுக்கில் அந்த 9,500 பவுண்டு ஏறத்தாழ 6,500-ஆக இறங்கிவிடலாம். பக்கத்து மரத்தை விட்டுத் தூரத்து மரத்தில் கட்டுவது இதனால்தான்.

இழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதற்கும் தோராயக் கணக்கு உண்டு. மணலில் எடையில் நான்கில் ஒரு பங்கு, ஆழமில்லாத சேற்றில் மூன்றில் ஒரு பங்கு. சரிவு ஒவ்வொரு டிகிரிக்கும் எடையில் அறுபதில் ஒரு பங்கு கூடும். நம் 2,600 கிலோ வண்டி சேற்றில் 15 டிகிரி ஏற வேண்டும் என்றால் 870, அதோடு 650. சுமார் 1,520 கிலோ. வின்சுக்கு இது தூசு.

ஆனால் சக்கரம் முழுக்கப் புதைந்துவிட்டால் வண்டியின் முழு எடையளவு விசை வேண்டும். மட்கார்டு வரை புதைந்தால் அதைப்போல் இரண்டு மடங்கு. ராணுவ வண்டி மீட்புக் கையேடுகள் கையாளும் கணக்கு இது. 5,200 கிலோ! 4,300 கிலோ வின்ச் அங்கே முனகிக்கொண்டு நின்றுவிடும். இரண்டு வழிகள் இருக்கின்றன. மரத்தில் ஒரு கப்பியைக் கட்டி, கயிற்றை அதன் வழியே திருப்பி, உங்கள் வண்டியின் கொக்கியிலேயே மாட்டினால் இழுவை இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். அல்லது மண்வெட்டியை எடுத்துச் சக்கரங்களைத் திறந்துவிட்டால் தேவையான விசையே இறங்கிவிடும். இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் வழக்கம்.

படி 5: முன்பக்கம் தாங்குமா?

எஃகு வடத்தோடு ஒரு வின்ச் 35 முதல் 45 கிலோ வரை. அதைத் தாங்கும் தகடு, பம்பர் எல்லாம் சேர்ந்து 70 கிலோ என்று வையுங்கள். இந்த எடை முன் அச்சுக்கு முன்னால் தொங்குகிறது. அச்சிடை நீளம் 2.7 மீட்டர், வின்ச் முன் அச்சிலிருந்து 0.9 மீட்டர் முன்னால் என்றால், நெம்புகோல் கணக்குப்படி முன் அச்சில் கூடுவது சுமார் 93 கிலோ. பின் அச்சில் 23 கிலோ குறைகிறது. வண்டியின் கையேட்டில் முன் அச்சுக்கான உச்ச எடை இருக்கும். ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முன் ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டிவரும். செலவில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரேடியேட்டருக்குப் போகும் காற்று, ஏர்பேக் சென்சார், முகப்பு விளக்கின் சாய்வு, நம்பர் தகடு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். வின்ச் தகடு சேஸிஸோடு போல்ட் ஆக வேண்டும். வெறும் பம்பர் தகரத்தில் மாட்டினால் வின்ச் மட்டும் மரத்தை நோக்கிப் போய்விடும். சில நாடுகளில் முன்பம்பரை மாற்றுவதற்கே தடை உண்டு. சட்டத்தையும் காப்பீட்டையும் வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

படி 6: மின்சாரம்

முழுப் பாரத்தில் மின்சார வின்ச் 400 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும். வண்டியின் ஆல்டர்னேட்டர் தருவது பெரும்பாலும் 100 முதல் 150. மிச்சம் பேட்டரியின் இரத்தம். எனவே எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து இழுக்காமல் மோட்டாரை ஆறவிட வேண்டும். பேட்டரி பழசாக இருந்தால் முதல் செலவு அதற்குத்தான். பயன்படுத்தாதபோது மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு சுவிட்சும் அவசியம்.

படி 7: எஃகு வடமா, செயற்கை இழையா?

எஃகு வடம் பாறையில் உரசினாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் கனம், துரு. அறுந்த கம்பி நுனிகள் கையுறையில்லாத உள்ளங்கையைக் கிழித்துவிடும். செயற்கை இழைக் கயிறு இலேசானது, நீரில் மிதக்கும், அறுந்தால் எஃகைப்போல் சாட்டையாக வீசாது. அதன் எதிரிகள் உரசல், வெயில், சூடு. 150 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகிவிடும். அதற்கு வெகு முன்பே வலுவிழக்கத் தொடங்கும். பல வின்ச்களில் அதன் பிரேக், கயிறு சுற்றும் டிரம்முக்குள்ளேயே இருக்கிறது. பாரத்தோடு வண்டியைக் கீழே இறக்கும்போது அந்தச் சூடு கயிற்றுக்குப் போகும். இருந்தும் புதியவருக்கு நான் சொல்வது இழைக் கயிறுதான். கயிறு வெளியேறும் வாய் வழுவழுப்பான அலுமினியமாக இருக்கட்டும். எஃகு வடம் ஓடித் தழும்பேறிய வாய் உருளைகளில் இழைக் கயிற்றை ஓட்டாதீர்கள்.

எந்தக் கயிறானாலும் மரத்தில் நேரடியாகச் சுற்றக் கூடாது; அகலமான பட்டையைச் சுற்றி அதில் மாட்ட வேண்டும். டிரம்மில் எஃகு என்றால் ஐந்து சுற்று, இழை என்றால் எட்டு முதல் பத்துச் சுற்று மிஞ்ச வேண்டும். விறைத்த கயிற்றின் மேல் கனமான துணியைப் போட்டுவிட்டு எல்லோரும் விலகி நிற்க வேண்டும். யாரும் அதைத் தாண்டக் கூடாது. ஒரு கையசைவில் எல்லாம் நிற்க வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

படி 8: கடன் வாங்கி ஒரு நாள்

வாங்கும் முன், வின்ச் வைத்திருக்கும் ஒருவரிடம் ஒரு நாள் கேளுங்கள். இலேசான ஏற்றத்தில், வண்டியை நியூட்ரலில் விட்டு, அதை இழுக்கச் செய்யுங்கள். பட்டையைச் சுற்றுவது, ஷேக்கிள் என்ற இரும்பு வளையத்தை மாட்டுவது, கயிற்றை இழுத்துக்கொண்டு நடப்பது, முடிந்தபின் பாரத்தோடு அடுக்கடுக்காகச் சுற்றிவைப்பது என்று முழுவதையும் உங்கள் கையாலேயே செய்யுங்கள். பாரமில்லாமல் நிமிடத்துக்குப் பத்து மீட்டர்போல ஓடும் கயிறு, பாரம் ஏறியதும் ஒன்றிரண்டு மீட்டராக நகரும். முதல் பத்து மீட்டருக்கு, இடையில் மோட்டாரை ஆறவிட்டதையும் சேர்த்து, எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அந்த வேகம் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கிவிட்டீர்கள் என்றால் மாதத்துக்கு ஒருமுறை இதே வேலை இருக்கிறது. நான் மாத முதல் ஞாயிறு காலை கயிற்றை முழுவதும் வெளியே எடுத்து, விரலால் தடவிப் பார்த்து, கட்டுப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்து, முனைகளில் பச்சை தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறேன். பிறகுதான் காப்பி.