தர்மபுரில இருந்து ஃப்ளைட் புடிக்கப் போறீங்களா, நேரத்தை இப்படி கணக்கு போடுங்க

எங்க மாமா பெங்களூர்ல இருந்து துபாய் போற டிக்கெட்டை கையில வச்சுக்கிட்டு, "காலைல 10 மணிக்கு ஏறினா பன்னெண்டரைக்கு எறங்கிடலாமாம், ரெண்டரை மணி நேரம்தான்டா"ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தாரு. டிக்கெட்ல ஏறற நேரம் நம்ம ஊரு நேரம், எறங்கற நேரம் அந்த ஊரு நேரம். துபாய் நம்மளவிட ஒன்றரை மணி நேரம் பின்னாடி, அதனால உண்மையில 4 மணி நேரம். திரும்பி வரும்போது இதே கணக்கு தலைகீழா ஆகும், மதியம் 1 மணிக்கு அங்க ஏறி சாயங்காலம் ஆறேகாலுக்கு பெங்களூர்ல எறங்கினா அஞ்சேகால் மணி நேரம் மாதிரி தெரியும், ஒன்றரையை கழிங்க, மூணே முக்கால்தான். வர்றப்ப மேல காத்து பின்னாடி இருந்து தள்ளும், அதான் அந்த கொஞ்ச நேர வித்தியாசம்.

டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடியே தோராயமா தெரியணும்னா கூகுள் மேப்ஸ்ல ரெண்டு ஊருக்கும் நடுவுல தூரத்தை அளந்து பாருங்க, ரோடு தூரம் இல்ல, நேர்கோட்டு தூரம். அந்த கி.மீ.யை 800-ஆல வகுத்தா மணிக்கணக்கு வரும், அதோட ஃப்ளைட் மேல ஏறி கீழ எறங்கறதுக்கு அரை மணி நேரம் சேத்துக்கோங்க. பெங்களூர் டெல்லி சுமார் 1,700 கி.மீ., ரெண்டு மணி சொச்சம், அரை மணி சேத்தா ரெண்டே முக்கால் கிட்ட வந்துடும். துபாய் 2,700, அது 4 மணி நேரம். ஆனா சேலம் ஏர்போர்ட்ல இருந்து போற சின்ன ஏ.டி.ஆர் ஃப்ளைட்டுக்கு இந்த கணக்கு ஒத்து வராது, அது ப்ரொப்பெல்லர் வண்டி, 500-ஆல வகுங்க.

வானத்துல போற நேரம் பெரிய விஷயமே இல்லைங்க, நம்மள சாகடிக்கறது ரோடுதான். பெங்களூர் ஏர்போர்ட் இருக்கறது தேவனஹள்ளில, ஊருக்கு அந்தப் பக்கம். கிருஷ்ணகிரில இருந்தே 125 கி.மீ.க்கு மேல, தர்மபுரின்னா இன்னொரு 45 சேத்துக்கோங்க. ஓசூர் வரைக்கும் பறந்து போயிடலாம், அத்திப்பள்ளி டோல் தாண்டினதும் டிராஃபிக் ஆரம்பிக்கும், அப்புறம் சில்க் போர்டு, மாரத்தஹள்ளி, ஹெப்பால்னு ஒவ்வொரு எடத்துலயும் நின்னு நின்னு போகணும். சாயங்காலம் ஃப்ளைட்னா தர்மபுரில இருந்து ரோட்டுக்கு மட்டும் 6 மணி நேரம் ஒதுக்குங்க, விடியக்காலைல கிளம்பினா நாலு போதும்.

பின்னாடி இருந்து எண்ணுங்க. 10 மணி துபாய் ஃப்ளைட்னா 7 மணிக்கு உள்ள இருக்கணும், 4 மணி நேரம் ரோடு, வழியில டீ, டயர் பஞ்சர்னு அரை மணி, ஆக ராத்திரி ரெண்டரைக்கு வீட்டை விட்டு கிளம்பணும். உள்நாட்டு ஃப்ளைட்டுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி போனா போதும், ஆனா லக்கேஜ் கவுண்டரை ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிடுவாங்க. டெர்மினல் ரெண்டு இருக்கு, டிக்கெட்ல எதுன்னு பாத்து டிரைவர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க.

சென்னை, ஹைதராபாத்னா மொதல்ல சேலம் பாருங்க, தொப்பூர் தாண்டி ஓமலூர் பக்கம் காமலாபுரத்துலயே ஏர்போர்ட் இருக்கு. எல்லா நாளும் ஃப்ளைட் இருக்குன்னு நெனச்சுக்காதீங்க, தேதியை பாத்துட்டு கிளம்புங்க. தொப்பூர் கணவாய்ல லாரி எதாவது கவுந்து கெடந்தா அங்கயே ஒரு மணி நேரம் போயிடும், அதுக்கும் கைல நேரம் வச்சுக்கோங்க.

மாமா கடைசில ராத்திரி ஒரு மணிக்கே கிளம்பிட்டாரு.