எம்.எஃப்.ஏ., ஆங்கில முனைவர் படிப்புக்கு அமெரிக்கா வருகிறீர்களா? ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

ஆகஸ்டில் வந்து இறங்கப்போகும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். கணினி படிக்க வருபவர்களுக்கு வழி சொல்ல ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். ஆங்கில இலக்கியம் படிக்கவோ, கதை கவிதை எழுதும் எம்.எஃப்.ஏ.வுக்கோ வருகிறவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால், ஆய்வேடு தனக்கே தெரியாமல் இணையத்தில் திறந்துவிடப்பட்டு என் தோழி பட்டது யாருக்கும் தெரியாமல் போய்விடக்கூடாது.

முதலில் காகித வேலைகளை வேகமாக முடித்துவிடுகிறேன். உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் ஏப்ரல் 15 வரை யோசிக்க அவகாசம் உண்டு. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அதற்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவை. அதற்கு முன்பே யாராவது நெருக்கினால் பயப்படாதீர்கள். கல்விக் கட்டணம் தள்ளுபடி என்றால் எல்லாம் தள்ளுபடி என்று நினைத்துவிடாதீர்கள். மாணவர் கட்டணம், மருத்துவக் காப்பீடு இரண்டையும் தனியே கேளுங்கள். சம்பளம் பல இடங்களில் ஒன்பது மாதத்துக்குத்தான், கோடையில் கை காய்ந்துவிடும். முதல் சம்பளம் செப்டம்பர் கடைசிவரை இழுக்கலாம், இரண்டு மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கும் வேலை தருவார்கள். ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்தவராக இருந்தாலும் பல இடங்களில் பேச்சு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். மனம் புண்படாமல் எழுதி முடியுங்கள்.

எஃப்-1 விசாவில் படிக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை. வெளியில் எழுத்துக்கோ வாசிப்புக்கோ யாராவது பணம் தருவதாகச் சொன்னால், வாங்குவதற்கு முன் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். வருமானமே இல்லாவிட்டாலும் அமெரிக்க வரித் துறைக்கு 8843 படிவம் கொடுக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வரும் மாணவர்களுக்கு வரி ஒப்பந்தப்படி நிலையான கழிவு, அதாவது வரி போடும் முன் வருமானத்தில் கழித்துக்கொள்ளும் தொகை, உண்டு. இலங்கையிலிருந்து வருபவர்களுக்கு அது இல்லை. படிப்பு முடிந்தபின் இங்கே வேலை பார்க்கத் தரும் அனுமதியான ஓ.பி.டி. 12 மாதம்தான். பொறியியல்காரர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் நமக்குக் கிடையாது. அந்த 12 மாதத்தில் வேலையில்லாமல் 90 நாளுக்கு மேல் இருக்க முடியாது. ஆனால் படிப்போடு தொடர்புள்ள இலக்கிய இதழிலோ பதிப்பகத்திலோ சம்பளமில்லாமல் வாரம் 20 மணி நேரம் உழைத்தாலும் அது வேலைக் கணக்கில் சேரும். சரி, இது போதும்.

வாய்ப்புகள் நிறைய. வளாக இதழில் வந்து குவியும் கதைகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் வேலையை முதல் பருவத்திலேயே கேட்டு வாங்குங்கள். இங்கே ஒரு ஆசிரியர் எதை எடுக்கிறார், எதைத் தள்ளுகிறார் என்று கற்க அதைவிட நல்ல இடம் இல்லை. கருத்தரங்க அழைப்புகளுக்குப் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆங்கிலத் துறையின் பட்டியலைப் பாருங்கள். எழுத்தாளர்களுக்கு ஆண்டுதோறும் ஏ.டபிள்யு.பி. மாநாடு இருக்கிறது; அதன் புத்தகச் சந்தையில் ஒரு நாள் நடந்தாலே ஐம்பது இதழ்களின் ஆசிரியர்களை நேரில் பார்த்துவிடலாம். பட்டத்துக்குப் பிறகு ஸ்டான்ஃபோர்டின் ஸ்டெக்னர் நல்கை இரண்டு ஆண்டு, பிராவின்ஸ்டவுன் கலை மையத்தின் நல்கை ஏழு மாதம். எதற்கு விண்ணப்பித்தாலும் குடியுரிமை நிபந்தனையை முதலில் படியுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் தோழி தென்காசிப் பக்கம். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஃப்.ஏ. படித்தாள். ஆய்வேடாக அவள் எழுதியது பீடி சுற்றும் பெண்களைப் பற்றிய சிறுகதைத் தொகுப்பு. மடியில் சுளவு, அதில் தூள், நனைத்து வைத்த இலையைத் தகரம் வைத்து அளந்து வெட்டும் கத்தரி, பேசிக்கொண்டே நூல் கட்டும் விரல்கள், சாயங்காலம் கடையில் கட்டு எண்ணும்போது கழித்துப் போடும் பீடிக்காக நடக்கும் சண்டை. அத்தனையும் ஆங்கிலத்தில் அப்படியே வந்திருந்தது. நான் படித்த மிக நல்ல ஆய்வேடுகளில் அது ஒன்று. கதையில் வரும் பெண்களுக்கு அவள் வீட்டுப் பெண்களின் சொந்தப் பெயர்களையே வைத்திருந்தாள். புத்தகமாகும்போது மாற்றிக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம், அதில் தப்பே இல்லை. ஆய்வேடு தேர்வுக்குழுவில் இருக்கும் மூன்று பேருக்கானது என்றுதான் துறையிலும் சொன்னார்கள்.

ஊரில் ஆய்வேடு என்றால் நமக்கு என்ன? கல்லூரி எதிரே உள்ள கடையில் கறுப்பு ரெக்சின் அட்டை, தங்க எழுத்து, வாய்மொழித் தேர்வு, அப்புறம் நூலக அலமாரி. முனைவர் ஆய்வேடுகள் இந்தியப் பல்கலைக்கழகங்களின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏறுகின்றன, ஆனால் நம்மில் யாரும் நாவலை அங்கே கொடுப்பதில்லை. இங்கே நாவலும் கவிதைத் தொகுப்பும்தான் ஆய்வேடு. அதை மின்கோப்பாக ஏற்றினால்தான் பட்டம். ஏற்றியதும் அது பல்கலைக்கழக நூலகத்தின் இணையக் களஞ்சியத்துக்குப் போகிறது, பல இடங்களில் ஆய்வேடுகளைத் திரட்டி விற்கும் புரோக்வெஸ்ட் தளத்துக்கும் போகிறது. தடுக்காவிட்டால் களஞ்சியத்தில் உள்ள பிரதியை உலகத்தில் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

தடுப்பதற்கு எம்பார்கோ என்று ஒரு வசதி இருக்கிறது. இத்தனை ஆண்டு முழு எழுத்தைத் திறக்காதே என்று கேட்டுக்கொள்வது. என் தோழி அதைக் கேட்டிருந்தாள். புரோக்வெஸ்ட் பக்கத்தில் இருந்த கட்டத்தில் இரண்டு ஆண்டு என்று தேர்ந்தெடுத்து, அந்தத் திரையைப் படம்பிடித்தும் வைத்திருந்தாள். களஞ்சியத்துக்கு அவள் பல்கலைக்கழகத்தில் தனியாக இன்னொரு படிவம் இருந்தது. அதையும் நிரப்பினாள், அதிலும் இரண்டு ஆண்டு. எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தாள்.

இரண்டு ஆண்டு முடிந்ததும் நீட்டிக்க வேண்டுமா என்று ஒரு மின்னஞ்சல் வருமாம். அது அவளுடைய பல்கலைக்கழக முகவரிக்குப் போயிருக்கிறது. பட்டம் வாங்கி ஓராண்டில் அந்த முகவரியை அவர்களே மூடிவிட்டார்கள்! மூடிய பெட்டிக்கு அஞ்சல் அனுப்பிவிட்டு, பதில் வரவில்லை என்று பூட்டைத் திறந்துவிட்டார்கள். கேட்டபோது "அறிவிப்பு அனுப்பியதற்குப் பதிவு இருக்கிறது" என்று ஒரே வரி. அந்த வரியை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

அவளுக்குத் தெரிய வந்தது ஊரிலிருந்து. அத்தை மகன் தன் ஊர்ப் பெயரைக் கூகுளில் தேடியிருக்கிறான், பி.டி.எஃப். வந்து விழுந்திருக்கிறது. மறுநாள் சித்தி போன் பண்ணி, "எங்க வீட்டுக் கதைய ஊருக்கே படிக்கக் குடுத்திட்டியாமே?" என்று கேட்டார். அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, சித்தி பேரயாவது மாத்தியிருப்பேனே." தொகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த இலக்கிய முகவரும், எல்லாக் கதையும் இலவசமாகக் கிடைக்கும்போது பதிப்பகத்திடம் எப்படிக் கொண்டுபோவது என்று ஒதுங்கிக்கொண்டார்.

நமக்கு இது புரியக் கொஞ்சம் நேரமாகும். வாரப் பத்திரிகையில் தொடராக வந்து, ஊரே படித்து, பிறகு புத்தகமாகி அதையும் வாங்கிப் படித்த மக்கள் நாம். இங்கே பெரும்பாலான இதழ்கள் ஏற்கெனவே வெளியானதைத் தொடுவதில்லை. முகநூலில் போட்ட கவிதையைக்கூடப் பல இதழ்கள் வெளியானதாகவே எடுத்துக்கொள்ளும். 2008-ல் அயோவா பல்கலைக்கழகம் ஆய்வேடுகளை இணையத்தில் திறந்துவைக்க முற்பட்டபோது எழுத்து மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள், நிர்வாகம் பின்வாங்கியது. 1936-லிருந்து எழுத்துப் பட்டறை நடத்தும் இடத்திலேயே அப்படி.

அதனால் கடைசிப் பருவம் தொடங்கும்போதே, துறையில் அல்ல, பட்டமேற்படிப்பு அலுவலகத்தில் கேளுங்கள். படைப்பு ஆய்வேட்டுக்கு நீண்ட எம்பார்கோ உண்டா, வளாகத்துக்குள் மட்டும் திறக்க முடியுமா, எத்தனை இடத்தில் கோப்பு ஏறுகிறது, ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவமா, முடியும் தேதி எது, நீட்டிக்க எத்தனை நாள் முன்பே எழுத வேண்டும். உங்கள் சொந்த மின்னஞ்சலையே பதியச் சொல்லுங்கள். அந்தத் தேதிக்கு மூன்று மாதம் முன்பாகக் கைப்பேசி நாட்காட்டியில் நினைவூட்டல் வையுங்கள். அம்மாவிடமும் சொல்லிவைக்கலாம், நம் அம்மாக்கள் தேதி மறப்பதில்லை.

இன்னொன்று, எம்பார்கோ இருந்தாலும் தலைப்பு, உங்கள் பெயர், சுருக்கம் மூன்றும் எல்லோருக்கும் தெரியும். சுருக்கத்தில் ஊர்ப் பெயரும் வீட்டுப் பெயரும் வேண்டாம். பெயர்களை ஆய்வேட்டிலேயே மாற்றிவிடுங்கள், புத்தகம்வரை காத்திருக்காதீர்கள்.

திறந்துவிட்டது என்று தெரிந்தால் அலுவலகம், நூலகம், புரோக்வெஸ்ட் மூன்றுக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். கோப்பை எடுத்தபின்பும் கூகுளில் பழைய துணுக்கு நிற்கும். காலாவதியான பக்கத்தை நீக்கக் கூகுளிலேயே படிவம் இருக்கிறது. என் தோழியின் கோப்பு இப்போது மூடியிருக்கிறது. கதைகளைப் பாதிக்கு மேல் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறாள். சித்தி இப்போது பேசுகிறார்.

இலக்கிய ஆய்வு எழுதும் முனைவர் மாணவர்களுக்கு இவ்வளவு பயம் தேவையில்லை. பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் ஆய்வேட்டைப் பெரிதும் மாற்றி எழுதித்தான் நூலாகக் கேட்கும். திறந்திருந்தால் மேற்கோள் காட்டுவார்கள் என்ற லாபமும் உண்டு.

மொழிபெயர்ப்புப் பக்கம் போகிறவர்களுக்கு நம் தமிழே பெரிய சொத்து. பென் அமெரிக்காவின் பென்/ஹைம் மொழிபெயர்ப்பு நிதி, அமெரிக்க இலக்கிய மொழிபெயர்ப்பாளர்களின் ஆல்ட்டா அமைப்பு தரும் பயண நல்கை இரண்டையும் பாருங்கள். தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்கள் நிறையப் பேர். பாரதியின் எழுத்துகளின் உரிமையை 1949-லேயே அரசு வாங்கிவிட்டது, பிறகு அவை மக்களுக்குச் சொந்தமாகிவிட்டன. வாழும் எழுத்தாளரை மொழிபெயர்த்து ஆய்வேடாகக் கொடுப்பதென்றால், பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஏற்றவும் சம்மதம் என்று அவரிடம் தனி வரியாக எழுதி வாங்குங்கள். இதழில் வெளியிட மட்டும் கொடுத்த அனுமதியை வைத்து அவருடைய கதையை இணையத்தில் திறந்துவிட உங்களுக்கு உரிமை இல்லை.