கழுத்து வலிக்கு மாத்திரை கேட்கும் முன்

மருந்துக் கடை மேசைக்கு உட்புறம் நிற்பவன் நான். "கழுத்து வலிக்கு நல்ல மாத்திரை ஒன்று கொடுங்கள்" என்று கேட்பவரிடம், வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்வேன். பாதி விடை அந்தக் கை போகும் வழியிலேயே கிடைத்துவிடும்.

கழுத்தின் ஒரு பக்கத்தை உள்ளங்கையால் தேய்த்துக் காட்டினால் பெரும்பாலும் தசைப்பிடிப்புதான். கோணலாகப் படுத்தது, நெடுநேரம் குனிந்து செல்பேசி பார்த்தது என்று காரணமும் கூடவே வரும். சில நாட்களில் தானாகத் தளர்ந்துவிடும். வெந்நீர் ஒத்தடம், டைக்ளோஃபெனாக் களிம்பு, தேவைப்பட்டால் இரண்டு மூன்று நாள் மாத்திரை, அவ்வளவுதான்.

தோளில் தொடங்கி முழங்கை வழியாகக் கட்டைவிரல் வரை கோடு இழுத்துக் காட்டுபவரின் சங்கதி வேறு. கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு பிதுங்கியோ எலும்பு முனை வளர்ந்தோ நரம்பை அழுத்தியிருக்கலாம். கட்டைவிரல் மரத்தால் பெரும்பாலும் ஆறாவது கழுத்து நரம்பு, நடுவிரல் என்றால் ஏழாவது. இதுவும் பலருக்குச் சில வாரங்களில் அடங்கும். ஆனால் வலி மாத்திரை இங்கே அரைகுறையாகத்தான் கேட்கும். கையில் பலம் குறைந்தால் மருத்துவரிடம் போகத் தாமதிக்கக் கூடாது.

எக்ஸ்ரே அறிக்கையில் 'தேய்மானம்' என்ற சொல்லைப் பார்த்துக் கலங்கி வருபவர்கள் தனி ரகம். நடுவயதைத் தாண்டினால், வலியே இல்லாதவரின் படத்திலும் அது இருக்கும். மாத்திரை வலிக்குத்தான், படத்துக்கு அல்ல.

இளம் வயதில், காலையில் எழுந்ததும் அரை மணிக்கும் மேலாகக் கழுத்தும் முதுகும் விறைத்து, நடமாடினால் இளகி, ஓய்வெடுத்தால் கூடுகிறதா? அது முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சியாக இருக்கலாம். மாத்திரை போட்டதும் அருமையாகக் குறைவது இந்த வலியில்தான். அந்த நிம்மதியிலேயே மாதக்கணக்காக வாங்கிப் போட்டுக் காலம் கடத்துகிறார்கள். மூட்டுவாத மருத்துவரைப் பார்ப்பதே சரி.

காய்ச்சலோடு கழுத்தைக் குனிய முடியாமை, நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்த வலி, விழுந்து அடிபட்ட பின் வந்த வலி, சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது: இவற்றில் எதைச் சொன்னாலும் மாத்திரையை எடுக்க மாட்டேன், மருத்துவமனைக்கே அனுப்பிவிடுவேன்.

இனி மாத்திரை. ஐபுப்ரோஃபென், நாப்ராக்ஸன், டைக்ளோஃபெனாக் எல்லாம் ஒரே குடும்பம். வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடலில் உற்பத்தியாவதைக் குறைக்கின்றன. வயிற்றின் உள்தோலைக் காப்பதும் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைப் பேணுவதும் அதே பொருள்தான். வயிற்றுப்புண் வருவது அதனால்தான். பாராசிட்டமால் இந்தக் குடும்பம் அல்ல. வலியைக் குறைக்கும், அழற்சியைப் பெரிதாகத் தொடாது.

மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கும் வயது வந்தவருக்கு ஐபுப்ரோஃபென் ஒரு வேளைக்கு 200 முதல் 400 மி.கி., நாளுக்கு 1200 மி.கி.க்கு மேல் வேண்டாம். சாப்பிட்ட பின் போடுங்கள். நாப்ராக்ஸன் நீண்ட நேரம் நிற்பதால் நாளுக்கு இரு வேளை போதும்.

ஒரு அம்மா பையைக் கவிழ்த்தபோது இரண்டு மாத்திரை அட்டைகள் விழுந்தன. பெயர் வேறு, நிறம் வேறு. பின்புறம் பொடி எழுத்தில் இரண்டிலும் டைக்ளோஃபெனாக். ஒன்று பல் வலிக்கு, மற்றது கழுத்துக்கு. இரண்டையும் சேர்த்தே போட்டுக்கொண்டிருந்தார். அட்டையின் முன்பக்கம் வியாபாரம், பின்பக்கம்தான் மருந்து. அதைப் படியுங்கள்.

வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களும், வலி மாத்திரை போட்டால் ஆஸ்துமா கிளம்புபவர்களும், கருவுற்றவர்களும் ஐபுப்ரோஃபென் குடும்ப மாத்திரைகளைத் தாமாக வாங்க வேண்டாம். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்களும் அப்படியே. ரத்த அழுத்த மாத்திரையோடு சிறுநீர் பெருக்கும் மாத்திரையும் சாப்பிடுபவர் இதையும் சேர்த்தால் சிறுநீரகம் திணறக்கூடும். இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஐபுப்ரோஃபென் தொடக்கூடாது, ஆஸ்பிரினின் வேலையை அது தடுக்கக்கூடும்.

சில நாட்களில் கேட்கவில்லை என்றால் அளவைக் கூட்டாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். மலம் தார் போலக் கறுத்தால் மாத்திரையை அப்போதே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.