காந்தத் திரவத்தில் துகள்கள் வரிசைகட்டுவதை நுண்ணோக்கியில் பார்ப்பது எப்படி?

காந்தத் திரவம் என்பது மிக நுண்ணிய காந்தத் துகள்கள் மிதக்கும் நீர் அல்லது எண்ணெய். ஒற்றைக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் துகள்கள் ஒழுங்காக அணிவகுக்காது. அந்தப் பக்கமாக ஓடி ஒட்டிக்கொள்ளும். ஓடவைப்பது காந்தப்புலத்தின் ஏற்றத்தாழ்வு. வரிசைகட்ட வேண்டுமானால் புலம் சீராக இருக்க வேண்டும். 20 மி.மீ. விட்டமும் 10 மி.மீ. தடிமனும் உள்ள இரண்டு நியோடிமியம் வட்டுக் காந்தங்களை, ஒன்றின் வடமுனை மற்றதன் தென்முனையைப் பார்க்கும்படி, 60 மி.மீ. இடைவெளியில் நிறுத்துங்கள். நடுவில் சுமார் 25 மில்லிடெஸ்லா (புல வலிமையின் அலகு) கிடைக்கும். பிடிமானம் மரமோ பிளாஸ்டிக்கோ போதும். ஓர் இரும்புத் திருகு பக்கத்தில் இருந்தாலே புலம் கோணிவிடும். கை நழுவினால் காந்தங்கள் மோதிச் சிதறும், விரல் பத்திரம்.

நீர் சார்ந்த காந்தத் திரவம் ஒரு பங்குக்குக் காய்ச்சி வடித்த நீர் 50 பங்கு. குழாய் நீர் கூடாது. அதிலுள்ள உப்பு, துகள்களை விலக்கி வைத்திருக்கும் மின்னூட்டத்தின் வீச்சைக் குறைத்துக் கட்டிதட்டவைக்கும். எண்ணெய்த் திரவமானால் அதே எண்ணெயில்தான் கலக்க வேண்டும். ஸ்லைடில் 0.1 மி.மீ. இருபக்க டேப் இரண்டு கீற்று ஒட்டி, கவர்ஸ்லிப் மூடி, இடுக்கில் 25 மைக்ரோலிட்டர் விடுங்கள். ஓரத்தை நெயில் பாலிஷால் அடைக்காவிட்டால் நீர் ஆவியாகி, அந்த ஓட்டமே துகள்களை இழுத்துப்போகும்.

ஸ்லைடைக் காந்தங்களுக்கு நடுவில் வைத்துப் பார்த்தால், 40 மடங்கு லென்ஸில், புலத்தின் திசையிலேயே மெல்லிய கறுப்பு ஊசிகள் தெரியும். அவை துகள்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த தனிச் சங்கிலிகள் அல்ல. துகள் 10 நானோமீட்டர்; ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டுவது 200 நானோமீட்டர் வரைதான். நீங்கள் பார்ப்பது பல சங்கிலிகள் பக்கவாட்டில் பிணைந்த கற்றை. நேர் எதிரே நிற்கும் சங்கிலிகள் ஒன்றையொன்று தள்ளும். பாதித் துகள் அளவு நழுவி நின்றால் ஈர்த்துக்கொள்ளும். புலத்தை ஸ்லைடுக்குச் செங்குத்தாகத் திருப்பினால் ஊசிகள் நுனி மட்டும் காட்டிப் புள்ளிகளாகும். புலத்தை மெல்ல ஏற்றினால் புள்ளிகள் அறுகோண ஒழுங்குக்கு வரும். சட்டென்று ஏற்றினால் புழு நெளிந்தாற்போல ஒழுங்கற்ற கோடுகள்தான்.

ஊசியே வரவில்லையா? பெரும்பாலும் துகளின் அளவுதான் காரணம். ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க உறை போர்த்திய 10 நானோமீட்டர் மேக்னடைட் (காந்த இரும்பு ஆக்சைடு) துகள்கள் ஒட்டும் ஆற்றல், அறை வெப்பத்தின் உலுக்கலுக்கு ஏறத்தாழச் சமம். சேர்வதும் பிரிவதுமாகவே இருக்கும். விட்டம் இருமடங்கானால் அந்த ஆற்றல் குறைந்தது 8 மடங்காகும். காந்தத்தைப் பெரிதாக்குவது ஓரளவுக்கு மேல் உதவாது, துகள்களின் காந்தத் திசை அதற்குள் புலத்தோடு ஒன்றிவிட்டிருக்கும்.

காந்தங்களை விலக்கியதும் ஊசிகள் கலைய வேண்டும். கலையாமல் கிடந்தால், மிகையாக நீர்த்ததில் உறை கழன்று துகள்கள் நிரந்தரமாக ஒட்டியிருக்கும், அல்லது கண்ணாடியில் பிடித்திருக்கும். ஸ்லைடை மெல்லத் தட்டுங்கள். நகராதவை கண்ணாடியில் பிடித்தவை. மிதந்து நகர்பவை ஒட்டிய கட்டிகள். கட்டிகள் என்றால் நீர்த்த கலவையைக் கொட்டிவிட்டு, 1:20 விகிதத்தில் புதிதாகக் கலந்துகொள்ளுங்கள்.