ஸ்கிராபிளில் 'ஏ-ஐ': இரண்டே எழுத்தை வைத்து ஆடுவதும் அதன் பூர்வீகம் தேடுவதும்

இன்றைக்கு யாரிடம் ஏ-ஐ என்றாலும் செயற்கை நுண்ணறிவு என்றுதான் நினைப்பார்கள். எழுத்துச் சில்லுகளைப் பலகையில் அடுக்கி ஆங்கில வார்த்தை கட்டும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் அந்தப் பேச்சே எடுபடாது, ஏனென்றால் எழுத்துச் சுருக்கங்களுக்கு அங்கே அனுமதி இல்லை. ஆனாலும் அந்த இரண்டு எழுத்தைத் தாராளமாக வைக்கலாம். புதிதாக ஆடுகிறவர்களுக்கு எப்படி என்று சொல்கிறேன்.

முதலில், பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆட்டத்தில் அதை யாரும் கேட்கப்போவதில்லை, ஆனால் தெரிந்தால் மறக்காது. இந்த வார்த்தையை 'ஆ-ஈ' என்று உச்சரிக்க வேண்டும், தென் அமெரிக்கக் காடுகளில் மரத்தில் தலைகீழாகத் தொங்கும் மூன்று விரல் ஸ்லாத் என்ற விலங்கின் பெயர் அது. பிரேசில் பக்கத்து துப்பி மொழியில் அதன் கூச்சலை வைத்தே வந்த பெயர், போர்த்துகீசியம் வழியாக வெளியே பரவியது. (நம்மூர் தேன் கரடியை ஆங்கிலத்தில் ஸ்லாத் பேர் என்பார்கள், அது வேறு, இரண்டுக்கும் சொந்தமே கிடையாது.) பாலூட்டிகளில் ஒட்டகச்சிவிங்கிக்கே கழுத்தில் ஏழு எலும்புதான், நம் மூன்று விரல் ஆசாமிக்கோ எட்டு ஒன்பது இருக்கும்! இரண்டு விரல் ஸ்லாத்துக்கு 'உனாவ்' என்று பெயர். யு-என்-ஏ-யு, அதுவும் செல்லும்.

இரண்டாவது, எப்போது வைப்பது? ஏ-ஐ வைத்தால் கிடைப்பது வெறும் 2 புள்ளி, அதனால் தனியாக வைப்பதில் லாபம் இல்லை. ஏற்கெனவே கிடக்கும் வார்த்தையை ஒட்டி இணையாக வைப்பதில்தான் இதன் உபயோகமே. பலகையில் 'டீ' (டி-இ-ஏ) படுக்கையாகக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கையில் ஐ, என், கே இருக்கிறது. டீயின் கடைசி எழுத்தான ஏ-வுக்கு நேர் கீழே ஐ விழும்படி, அங்கிருந்து வலப்பக்கமாக 'இங்க்' என்று வையுங்கள். இங்க் 7 புள்ளி, மேலிருந்து கீழாக உருவான ஏ-ஐ 2 புள்ளி, ஆக 9, கட்டத்தில் இரட்டிப்பு மும்மடங்கு ஏதாவது இருந்தால் அதற்கு மேல். பழைய ஏ-வின் 1 புள்ளியும் உங்களுக்குச் சேரும், ஆனால் அது உட்கார்ந்திருக்கும் கட்டத்தின் சலுகை மறுபடி கிடைக்காது.

உயிரெழுத்து குவிந்துவிட்டாலும் இது கைகொடுக்கும். மொத்தம் 100 சில்லில் உயிரெழுத்து மட்டும் 42, அதில் ஏ ஒன்பது, ஐ ஒன்பது. கையிலுள்ள ஏழு சில்லில் ஐந்து உயிரெழுத்தாக மாட்டிக்கொண்டு விழிப்பது அடிக்கடி நடக்கிற கதைதான்.

மூன்றாவது, வைத்துவிட்டால் காவல் இருங்கள், எதிராளி அதை நீட்டிவிடலாம். பின்னால் எம் போட்டால் எய்ம், ஆர் போட்டால் ஏர், எல் போட்டால் எய்ல், எஸ் போட்டால் பன்மை, இன்னும் சிலதும் ஒட்டும். போட்டிகளில் பயன்படும் காலின்ஸ் வார்த்தைப் பட்டியலில் முன்னால் ஜே போட்டு நம்ம 'ஜெய்' கூட ஆகிறது. அந்த வார்த்தை செல்லாது என்று எதிராளி ஆட்சேபித்தால் பதறாதீர்கள். அமெரிக்கப் போட்டி விதிப்படி தப்பாக ஆட்சேபித்தவர் தன் முறையை இழப்பார்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. பிற மொழிகளில் இதே ஏ-ஐ (சேர்த்து வாசித்தால் பெரும்பாலும் 'ஐ') என்னென்ன ஆகிறது என்று தேடுங்கள். ஜப்பானியத்தில் அன்பு, வேறொரு எழுத்தில் எழுதினால் அவுரி நீலம். சீனத்திலும் அன்பு. போர்த்துகீசியத்தில் வலித்தால் கத்துவது, கிட்டத்தட்ட நம்ம ஐயோ. பிரெஞ்சில் 'என்னிடம் இருக்கிறது' என்பதில் வரும் வினை. அங்கே ஸ்லாத்தின் பெயரில் ஐ எழுத்தின் தலைமேல் இரண்டு புள்ளிக் குறி உண்டு, ஆனால் சில்லில் அந்தக் குறி கிடையாது என்பதால் பிரெஞ்சு ஸ்கிராபிளில் விலங்கும் வினையும் ஒன்றாகிவிடுகின்றன. நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015-இல் பிரெஞ்சு உலகப் போட்டியில் ஜெயித்தார், அவருக்கு இந்த வித்தியாசமெல்லாம் தேவைப்படவே இல்லை.

தமிழை விட்டுவிடாதீர்கள். 'ஐ' என்றால் தலைவன்; "என்னைமுன் நில்லன்மின்" என்ற குறளில் (771) இருப்பது என் + ஐ. தொல்காப்பியம் 'ஐ வியப்பாகும்' என்கிறது. இரண்டாம் வேற்றுமை உருபும் அதுதான். நன்னூல் சொல்லும் ஓரெழுத்து ஒருமொழிகளில் ஐ-யும் ஒன்று, உயிரெழுத்துச் சில்லுகளைப் போல அவையும் 42 என்பது சும்மா ஒரு தற்செயல்.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் முடிச்சுப் போடும் ஆசையை அடக்குங்கள். சின்ன வார்த்தை என்றால் ஒற்றுமை பெரும்பாலும் தற்செயல். ஒரு மொழி இன்னொன்றிடம் வாங்கியதற்குச் சான்று உண்டா, எழுத்து ஒன்றா, ஒலி மட்டும் ஒன்றா என்று பாருங்கள். ஜப்பானிய 'அன்பு' சீனத்திலிருந்து எழுத்தோடு வந்தது, அது உண்மையான உறவு. ஆனால் ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையின் பெயரில் வரும் 'ஐ' அன்பு அல்ல, 'இணைதல்' என்ற பொருளுள்ள வேறு எழுத்து.

பழகிப் பார்க்க அடுத்ததாக கியூ-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 'சீ' என்று உச்சரிக்கும் சீன 'உயிர்சக்தி', 11 புள்ளி, யு இல்லாமலே கியூவைத் தள்ளிவிடலாம். அதே சொல்தான் ஜப்பான் போய் 'கி' ஆனது, ஐகிடோவின் நடுவில் இருப்பதும் அதுவே. கே-ஐ என்று அதையும் பலகையில் வைக்கலாம்.